ஜேம்ஸ் விரிகுடாவில் ஐயாவுக்கு வைத்த சோறு

இதை எழுதுவதா விடுவதா என்று பல வருடங்களாக எனக்குள் இழுபறி. ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் முழுகி, விபூதி பூசி, பேனையும் கையுமாகக் குசினி மேசையில் இருப்பேன். மனைவி எட்டிப் பார்ப்பாள். "என்ன, அந்தக் கதையோ? எழுதுங்கோ, எழுதுங்கோ. பேந்து நான் எந்த முகத்தோட கோயிலுக்குப் போறது?" என்பாள். பேனையை மூடி வைத்துவிடுவேன். பிதிர்க் காரியத்தைச் சிரிப்புக் கதையாக எழுதுவது பாவமோ என்ற பயமும் எனக்கு இருந்தது. நான் பெரிய படிப்புப் படித்தவனில்லை. சாமி கும்பிடத் தெரியும், தையல் மெசின் திருத்தத் தெரியும். ஆனால் நடந்தது நடந்ததுதான். முருகன் அறிய ஒரு சொல்லும் கூட்டாமல் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நாங்கள் மொன்றியலில், பார்க் எக்ஸ்டென்ஷனில், மூன்றாம் மாடியில் இருந்தோம். நான், மனைவி, பத்து வயது மகள். மனைவியின் தம்பி, அதாவது என் மச்சான், அடுத்த தெருவில் இருந்தான். ஆனால் சாப்பிடுவதெல்லாம் எங்கள் வீட்டில்தான்.

என்னுடைய ஐயா ஊரில் காலமானது சண்டையில் பாதைகள் பூட்டிக் கிடந்த காலத்தில். செய்தி எனக்கு வந்து சேர்ந்தபோது செத்தவீடும் முடிந்து, எட்டாம் நாள் காரியமும் முடிந்து, முப்பத்தோராம் நாள் அந்திரட்டியும் முடிந்துவிட்டது. மூத்த மகன் நான் இருக்க, சித்தப்பாவின் மகன் கொள்ளி வைத்தாராம். நான் அன்றைக்கு ஃபக்டரியில் ஒரு மெசினைக் கழற்றிப் பூட்டிக்கொண்டு நின்றிருப்பேன். அந்த நினைப்பு என்னை விடவில்லை.

தகப்பன் இல்லாதவர்களுக்கு ஆடி அமாவாசை பெரிய விரதம். கடலிலே முழுகி, எள்ளும் தண்ணீரும் இறைத்து, வீட்டுக்கு வந்து சமைத்து, முதலில் காகத்துக்குப் படைப்போம். காகம் கொத்தினால் அவர் வந்து சாப்பிட்டார் என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் நாங்கள் சாப்பிடலாம். கொத்தாவிட்டால் என்ன அர்த்தம் என்று எங்கள் ஊரில் ஒருவரும் யோசித்ததில்லை. எங்கள் ஊர்க் காகம் கொத்தாமல் விட்டதே கிடையாது.

மொன்றியலில் வந்த முதல் ஆடி அமாவாசைக்குப் பல்கனியில் சோறு வைத்தேன். அணில் வந்து தின்றது. ஊர் அணில் இல்லை, பூனை அளவில் சாம்பல் நிற அணில்.

"மாமா அணிலாய் வந்திருப்பாரப்பா," என்றாள் மனைவி, பசி தாங்காமல்.

"ஐயா அணிலாய் வாற ஆளில்லை," என்றேன்.

அடுத்த வருடம் புறா. அதற்கடுத்த வருடம் கீழே இருந்த கிரேக்க வீட்டுக்காரர் கூட்டுகிற தும்புத்தடியோடு ஏறி வந்து, எலி வரப்போகுது என்று சத்தம் போட்டார். காகம் மட்டும் வரவில்லை. தெருக்கம்பியில் இருக்கும், பார்க்கும், பறந்துபோகும். ஐயா என்னோடு கோபமாக இருக்கிறார் என்று எனக்குப் பட்டது. வாய்விட்டு ஒருவருக்கும் சொல்லவில்லை. ஆனால் அந்த நாட்களில் சோறு எனக்குத் தொண்டைக்குள் இறங்காது.

கோயில் குருக்களிடம் கேட்டேன். "ஆற்றிலயும் செய்யலாம். ஆனால் கடல் தீர்த்தம் விசேஷம்," என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் பிடித்துக்கொண்டேன். கடல்!

அமெரிக்கப் பக்கம் கடல் கிட்ட. ஆனால் எங்களிடம் அப்போது அகதிக் கடதாசிதான், எல்லை தாண்ட ஏலாது. மச்சான் துறைமுகத்தில் கொள்கலன் லொறி ஓட்டினவன். கடலைப் பற்றி அவனுக்குத் தெரியாததா என்று அவனைக் கேட்டேன்.

"வடக்க ஒரு கடல் இருக்கு அத்தான். ஜேம்ஸ் பே. வட சமுத்திரத்தின்ர ஒரு விரல். றோட்டுப் போகுது. நான் கூட்டிக்கொண்டு போறன்."

அவனுக்கு வடக்குப் பார்க்க ஆசை. லொறிக்காரர்கள் சொன்ன கதைகளைக் கேட்டுக் கேட்டு ஏறின ஆசை. எனக்கு அது அப்போது விளங்கவில்லை. மொன்றியல் ஆற்றோடு கீழே அரை நாள் கார் ஓடினால் உப்புத் தண்ணீர் வரும், அங்கே திமிங்கிலமே நிற்கும் என்று பேந்து ஃபக்டரியில் ஒரு வெள்ளைக்காரர்தான் சொன்னார். இதை மச்சானிடம் கேட்டபோது அவன், "திமிங்கிலம் உங்களை விழுங்கியிருந்தால் அக்காவுக்கு ஆர் பதில் சொல்லுறது?" என்றான்.

மனைவிக்கு வேறு சந்தேகம். "பிதிருக்குத் தெற்குப் பாத்தெல்லோ செய்யிறது? நீங்கள் வடக்க போறியள்."

"அக்கா, அவ்வளவு தூரம் வடக்க போனால் எல்லாப் பக்கமும் தெற்குத்தான்," என்றான் மச்சான்.

அந்தப் பேச்சிலேயே பயணம் முடிவாகிவிட்டது. ஃபக்டரிகள் எல்லாம் பூட்டும் கோடை விடுமுறை. அமாவாசையும் அதற்குள் விழுந்தது. குருக்கள் வர ஏலாதென்று, மந்திரங்களை ஒரு கசெற்றில் பதிந்து தந்தார். ஒரு வரி சொல்லுவார், நாங்கள் திருப்பிச் சொல்ல இடைவெளி விடுவார், அடுத்த வரி. தர்ப்பையும் எள்ளும் பொட்டலத்தில் கட்டித் தந்தார். மனைவி வாழையிலை, அரிசி, பருப்பு, கத்தரிக்காய், ரைஸ் குக்கர், ஒற்றை மின்னடுப்பு என்று மச்சானின் வான் வண்டியின் பின்பக்கத்தை நிரப்பினாள். மச்சான் தன் பங்குக்கு நுளம்பு கடிக்காமல் முகத்துக்கு வலை வைத்த தொப்பி ஆளுக்கொன்று வாங்கி வந்தான். நாங்கள் சிரித்தோம். சிரித்திருக்கக் கூடாது.

வடக்கே போகப் போக வீடு இல்லை, கடை இல்லை, ஆள் இல்லை. மரம் மட்டும்தான். அதுவும் வரவரக் குள்ளமாகிக்கொண்டு வந்தது. "அப்பா, இது எல்லாம் பேபி மரம்," என்றாள் மகள். நீண்ட காட்டு றோட்டுக்கு ஒரேயொரு பெற்றோல் நிலையம். நான் வாய்க்குள் தேவாரம் சொல்லிக்கொண்டே வந்தேன். மச்சான் அதற்குத் தாளம் போட்டான்.

அமாவாசைக்கு முதல்நாள் வடக்கே உள்ள சின்னப் பட்டணத்துக்குப் போய்ச் சேர்ந்து ஒரு மோட்டலில் தங்கினோம். காலையில் மனைவி குளித்துவிட்டு அறைக்குள்ளேயே சமைத்தாள். புகை மணி அடிக்காமல் இருக்க மச்சான் கதிரையில் ஏறி நின்று துவாயால் விசிறினான். சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, பாயசம், உழுந்து வடை. பெருங்காய மணம் நடைபாதை முழுக்கப் போயிருக்க வேண்டும். பக்கத்து அறைக்காரர் ஒருவர் கதவைத் திறந்து இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு "பொன்ஜூர்" என்று சொல்லி மூடிக்கொண்டார்.

"கடல் மத்தியானம் பாக்கலாம். முதல்ல அணைக்கட்டைப் பாப்பம்," என்றான் மச்சான். எனக்கு அவசரம். ஆனால் வான் அவனுடையது.

அணைக்கட்டில் மிஞ்சுகிற தண்ணீர் இறங்குவதற்கு மலையை வெட்டிப் படி கட்டியிருந்தார்கள். ஒவ்வொரு படியிலும் ஒரு கோயில் வீதியை வைக்கலாம். தண்ணீர் இல்லை, வெறும் கல் மட்டும் கீழே கீழே இறங்கிப் போகிறது.

"இதில ஆர் ஏறுறது?" என்று கேட்டாள் மகள்.

"உன்ர அப்பா. நேர்த்தி ஒண்டு வச்சாரெண்டால் முழங்காலால ஏறுவார்," என்றான் மச்சான்.

அவன் ஒவ்வொரு பக்கத்தாலும் நின்று படம் எடுத்தான். என்னைக் கைகூப்பி நிற்கச் சொல்லி ஒரு படம். நான் அதுவரை கண்ட பெரிய கட்டுமானம் ஊரில் ஆனையிறவு உப்பளம்தான். மனிசன் இப்படியும் செய்வானோ என்று பயபக்தியோடுதான் நின்றேன். வயிறு மட்டும் விரதத்தை நினைவுபடுத்திக்கொண்டிருந்தது. மச்சான் இடையில் "சிகரெட் வாங்கிக்கொண்டு வாறன்" என்று சிற்றுண்டிக் கடைப் பக்கம் போனான். அவன் சிகரெட் பத்துகிறதை நான் அதற்கு முதலும் காணவில்லை, பிறகும் காணவில்லை.

அங்கிருந்து அந்த நாட்டுப் பூர்வகுடிகளான கிரீ மக்களின் ஊரைத் தாண்டி, றோட்டு முடிகிற இடத்துக்குப் போனோம். சில வள்ளங்கள் கவிழ்த்துக் கிடந்தன. அதற்கு அப்பால் சாம்பல் நிறத்தில் விரிந்து கிடந்தது கடல். இறங்கி வேட்டி கட்டி, சட்டையைக் கழற்றி, நெற்றியிலும் நெஞ்சிலும் விபூதி பூசினேன்.

நுளம்புகளுக்கு யாரோ தந்தி அடித்துவிட்டார்கள் போல. நுளம்பு மட்டுமில்லை, இலையான் என்கிற சின்னக் கறுப்பு ஈயும் இருந்தது. அது குத்துவதில்லை, கடித்துத் துண்டு எடுக்கும். வெறும் மேலோடு நின்றவன் நான் ஒருத்தன்தான். மற்ற மூவரும் வலைத் தொப்பிக்குள் தேன் எடுக்கப் போகிறவர்கள் மாதிரி நின்றார்கள்.

"அத்தான், தொப்பியைப் போடுங்கோ!"

"தொப்பி போட்டுக்கொண்டு தர்ப்பணம் செய்யிறதோடா?"

"வேட்டிக்குத் தொப்பி நல்லாத்தான் இருக்கும்!"

அடுத்த பிரச்சினை கடல். அமாவாசையில் வற்று கூடவாம். தண்ணீர் தூரத்துக்குப் போய்விட்டது. சேற்றில் நடக்கிறேன், நடக்கிறேன், தண்ணீர் கணுக்காலை விட்டு ஏறவில்லை. திரும்பிப் பார்த்தால் மனைவியும் மச்சானும் விரல் அளவில் நிற்கிறார்கள். முழங்கால் அளவு வந்ததும், இதுதான் கிடைக்கும் என்று தெரிந்தது. முழுக வேண்டுமே! மூன்று முறையும் மல்லாந்து படுத்துத்தான் முழுகினேன். தண்ணீரின் குளிர் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. "முருகா" என்று வாயைத் திறந்தேன், "மு" மட்டும் வந்தது.

கரையிலிருந்து மனைவி கத்தினாள். "உப்பு இருக்கோ?"

நாக்கில் வைத்துப் பார்த்தேன். எனக்குச் சரியாகத் தெரியவில்லை. செம்பில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு பாதி தூரம் வந்து, சேற்றில் இறங்கி வந்த அவளிடம் கொடுத்தேன். குழம்புக்கு ருசி பார்க்கிற மாதிரி உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்த்தாள். "உப்புக் கொஞ்சம் காணாது. ஆனால் கடல்தான்," என்றாள். எனக்கு நிம்மதி.

இப்போது கசெற். வான் கரையில், நான் கடலில். குருக்களின் குரல் எனக்குக் கேட்கவில்லை. மச்சான் வானின் எல்லாக் கதவுகளையும் திறந்து, பின்கதவையும் உயர்த்தி, சத்தத்தை முழுக்கக் கூட்டிவிட்டான். வட சமுத்திரத்தின் விரல் முழுக்க எங்கள் குருக்களின் மந்திரம் ஒலித்தது. இருமலும் ஒலித்தது. பதிந்த அன்றைக்கு அவருக்குச் சளியும் தடிமனும். நான் தெற்குப் பார்த்து, எள்ளும் தண்ணீரும் இறைத்து, ஐயாவின் பேரைச் சொன்னேன். அந்த இடத்தில் மட்டும் நான் நுளம்பையும் மறந்தேன், குளிரையும் மறந்தேன். அழுதேன். தூரத்தில் நின்றபடியால் ஒருவருக்கும் தெரியாது.

கரைக்கு வந்து தட்டைக் கல்லொன்றைக் கழுவி, வாழையிலை போட்டு, மனைவி எல்லாவற்றையும் படைத்தாள். கற்பூரம் கொளுத்திக் கும்பிட்டோம். பிறகு நான் கூப்பிட்டேன்.

"கா... கா... கா..."

ஒன்றும் இல்லை. காற்றும் கசெற்றும் மட்டும்.

"பலத்துக் கூப்பிடுங்கோவன்," என்றாள் மனைவி. பசி அவளுடைய குரலில் ஏறியிருந்தது.

எல்லோரும் சேர்ந்து கூப்பிட்டோம். வெள்ளைக் கடற்பறவைகள் வந்தன. துவாயால் விரட்டினேன். ஒரு நாய் வந்தது. மகள் அதற்கு ஃப்ரெஞ்சில் புத்தி சொல்லித் திருப்பி அனுப்பினாள். நேரம் போய்க்கொண்டிருந்தது. காகம் இல்லை. இந்தக் கண்காணாத இடம் மட்டும் வந்தும், படுத்து முழுகியும், ஐயா வரவில்லை. வலைக்குள் இருந்து மனைவி என் முகத்தையே பார்த்தாள். மச்சான்கூடப் பகிடி விடுவதை விட்டு, தனியாக இன்னொரு முறை கா கா என்று கூப்பிட்டுப் பார்த்தான்.

அப்போதுதான் அந்த ஊர்ப் பெண் ஒருத்தி பிக்கப் வண்டியில் வந்து இறங்கினாள். நடுத்தர வயது, ரப்பர் சப்பாத்து, கையில் தேநீர்க் குவளை. குருக்களின் சத்தம் கேட்டு வந்திருக்க வேண்டும். இலையைப் பார்த்தாள், ஈர வேட்டியோடு நிற்கிற என்னைப் பார்த்தாள். பிறகு மகளோடு இங்கிலிஷில் கதைத்தாள்.

"அப்பா, சாப்பாடு வெளியில வைக்க வேண்டாமாம். கரடி வருமாம். இது ஆருக்கு எண்டு கேக்கிறா."

"செத்துப்போன அப்பப்பாவுக்கு எண்டு சொல்லு. காகம் வந்து சாப்பிட்டால்தான் அவர் சாப்பிட்ட மாதிரி எண்டு சொல்லு. கொஞ்ச நேரம் பொறுக்கச் சொல்லு."

மகள் சொன்னாள். அந்தப் பெண் சிரிக்கவும் இல்லை, வியப்படையவும் இல்லை. தேநீரை ஒரு வாய் குடித்தாள். குவளையாலேயே எங்களுக்குப் பின்னால் காட்டி ஏதோ சொன்னாள்.

மகள் திரும்பிப் பார்த்தாள். "அப்பா... அப்பப்பா தொடங்கிட்டார் போல இருக்காம்."

திரும்பினோம். எல்லாக் கதவும் திறந்த வானுக்குள் காகம். ஒன்றில்லை, நாலைந்து. ஒன்று ஸ்ரியரிங்கில் இருந்தது. இரண்டு பின்னால் வடைப் பாத்திரத்துக்குள் தலையை விட்டிருந்தன. எல்லாம் அண்டங்காகம், ஒவ்வொன்றும் கோழி அளவு. நிற்பாட்ட மறந்த கசெற்றில் குருக்கள் இன்னும் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார், அவை கேட்டுக்கொண்டே தின்றன.

"ஐயோ, இது காகமே? இவ்வளவு பெரிசு!" என்று கத்தினாள் மனைவி.

"குளிர் நாட்டுக் காகம் அக்கா, ஜக்கெற் போட்டிருக்கு," என்றபடியே ஓடினான் மச்சான். அவன் ஓடின வேகம் வடைக்காக ஓடின வேகம் இல்லை. ஏனென்று உடனே விளங்கியது. ஒரு காகம் வானின் உதிரி ரயர்ச் சில்லுக்குப் பக்கத்திலிருந்து ஒரு கடதாசிப் பெட்டியை இழுத்து வெளியே போட்டது. பெட்டி திறந்தது. உள்ளே பொரித்த கோழி.

மனைவி பெட்டியைக் காட்டினாள். "டேய். உதென்ன?"

"அது... நாளைக்கு அக்கா. நாளைக்கு விரதம் முடிஞ்சிடும்தானே."

அவள் குனிந்து ஒரு துண்டைப் பார்த்தாள். அதில் மனிதப் பல்லின் அடையாளம் இருந்தது. "நாளைக்குத் தின்னுறதை இண்டைக்கே கடிச்சுப் பாத்தனியோ? அமாவாசையில! மாமாவின்ர காரியத்தில!" என்று துவாயை எடுத்தாள். தம்பிக்கும் காகத்துக்கும் பேதமில்லாமல் விழுந்தது அடி. மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தப் பெண் பிக்கப்பில் சாய்ந்து தேநீரைக் குடித்துக்கொண்டு பார்த்தாள்.

நான் போகவில்லை. குளிரில் விறைத்துப்போன கால் எழும்பவில்லை. இலைக்குக் கிட்டவே நின்றேன். அதனால்தான் கண்டேன்.

அடி தப்பின ஒரு காகம் பறந்து வந்து கல்லுக்குப் பக்கத்தில் இறங்கியது. அதன் வாயில் ஒரு கோழிக்கால். துள்ளித் துள்ளி இலைக்கு வந்தது. ஒரு பக்கக் கண்ணால் என்னைப் பார்த்தது. கோழிக்காலைச் சோற்றுக்கு மேலே வைத்தது. பிறகு சோற்றைக் கொத்தியது. ஒரு கொத்து இறைச்சி, ஒரு கொத்து சோறு, பருப்பு, திரும்பவும் இறைச்சி. ஆறுதலாக, வீட்டில் இருந்து சாப்பிடுகிற ஆள் மாதிரி.

மனைவி துவாயோடு ஓடி வந்தாள். நான் அவளுடைய கையைப் பிடித்தேன்.

"விடு."

"அமாவாசையில மச்சமப்பா, கோழியிறைச்சி! இலையில வச்சிருக்கு!"

"நான் வைக்கேல்லையே. தன்ர கறியைத் தானே கொண்டுவந்தவர்."

அவள் என்னைப் பார்த்தாள். என் கண்ணில் தண்ணீர். வாய் சிரிக்கிறது. என்ன நினைத்தாளோ, துவாயைக் கீழே விட்டாள். காகம் பாயசத்தை மட்டும் தொடவில்லை. ஐயாவுக்குக் கடைசிக் காலத்தில் சீனி வருத்தம், இனிப்புத் தொடமாட்டார் என்று அவளே எனக்கு மெல்லச் சொன்னாள். அதுதான் அவளுடைய சமாதானம்.

பிறகு நாங்கள் சட்டியில் மிஞ்சின சோற்றையும் குழம்பையும் வானுக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்து சாப்பிட்டோம். அந்தப் பெண்ணுக்கும் ஒரு கோப்பை கொடுத்தோம். உறைப்பில் மூக்கைத் துடைத்துக்கொண்டு முழுக்கச் சாப்பிட்டாள். கரடி வருமென்று, இலையிலும் கல்லிலும் மிச்சம் ஒன்றும் விடாமல் கழுவ வைத்துத்தான் எங்களைப் போகவிட்டாள். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கியது. மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன். முகம் இலையான் கடியில் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது, அதைப் பற்றி ஒருவரும் கவலைப்படவில்லை.

இந்தக் கதை இப்போது மொன்றியலில் இரண்டு விதமாக ஓடுகிறது. கோயிலில் என் மனைவி சொல்லுகிற கதையில் கோழி இல்லை. காகம் வடையைத் தொட்டுப் பயபக்தியோடு சாப்பிட்டுப் போகிறது. கலியாண வீடுகளில் மச்சான் சொல்லுகிற கதையில் கரடி வருகிறது. போன முறை கேட்டபோது இரண்டு கரடி. நான் இரண்டு பேரையும் குறை சொல்லவில்லை. ஆனால் வாசிக்கிறவர்களிடம் கைகூப்பிக் கேட்கிறேன். இதை ஆருக்காவது சொல்லுவதென்றால் நான் எழுதினபடியே சொல்லுங்கள். கரடியைச் சேர்க்க வேண்டாம், அது வரவில்லை. கோழிக்காலை எடுத்துவிடவும் வேண்டாம். அதை எடுத்தால் சோறு கொத்தினதும் பொய்யாகிவிடும். எங்கள் ஐயா அன்றைக்கு வந்தார், சாப்பிட்டார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.